குனிந்து நுழையும் அரண்மனை

பத்மநாபபுரம் அரண்மனைக்கு நான் முதன்முதலாகப் போனது ஒரு திங்கட்கிழமை. திங்கட்கிழமை அங்கே விடுமுறை என்பது தக்கலையில் நிற்கிற எந்த ஆட்டோக்காரருக்கும் தெரிந்த செய்தி. நான்தான் யாரையும் கேட்காமல் கோட்டைக்குள் நடந்து போய், பூட்டிய வாசலுக்கு முன்னால் நின்று, மதிலுக்கு மேலே தெரிந்த ஓட்டுக்கூரைகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒரு தேநீர் குடித்துத் திரும்பினேன். அந்த ஏமாற்றத்திலும் ஒரு நன்மை இருந்தது. நாகர்கோவிலில் இருக்கும் பெரியப்பாவிடம் அன்று மாலை இதைச் சொன்னபோது, "நாளைக்கு நானும் வாறேன், மக்கா" என்றார். அவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மரவேலை செய்தவர். உளியைக் கீழே வைத்து ஐந்தாறு ஆண்டுகள் ஆகிவிட்டன என்றாலும், எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கதவு நிலையைத் தடவிப் பார்க்கும் பழக்கத்தை அவர் இன்னும் விடவில்லை. அவர் இல்லாமல் தனியாகப் போயிருந்தால், அந்த அரண்மனையில் நான் பார்த்ததில் பாதியைக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் போனால் தக்கலை வருகிறது. அங்கிருந்து சிறிது தூரம் உள்ளே போனால் கருங்கல் கோட்டைச் சுவரும், அதற்குள் தெருக்களும் வீடுகளும் கோயில்களும், நடுவில் அரண்மனையும் இருக்கின்றன. பின்னால் வேளிமலை. ஊரின் பழைய பெயர் கல்குளம். 1600ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் வேணாட்டு (பிற்காலத்துத் திருவிதாங்கூர்) மன்னர்களால் இந்த அரண்மனை உருப்பெறத் தொடங்கியது. 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா இதை விரித்துக் கட்டினார். 1750இல் தம் நாட்டையே பத்மநாப சுவாமிக்குச் சமர்ப்பித்து, இனித் தாம் அத்தெய்வத்தின் தாசனாக இருந்தே ஆள்வதாக அறிவித்தவர் அவர்தான்; ஊருக்குப் பத்மநாபபுரம் என்ற பெயர் வந்ததும் அவர் காலத்தில்தான். அந்த நூற்றாண்டின் கடைசியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறிவிட்டது. அதனால்தான் இது இவ்வளவு பழைமையோடு மிஞ்சியது என்று நான் நினைக்கிறேன். அரசர்கள் தொடர்ந்து குடியிருந்திருந்தால், 19ஆம் நூற்றாண்டின் நாகரிகத்துக்கு ஏற்ப இடித்தும் மாற்றியும் கட்டியிருப்பார்கள்.

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலுக்குள் நுழைகிறவரால் தலையைத் தூக்காமல் இருக்க முடியாது. 1636இல் எழுந்த அந்த மாளிகையில் இன்று எஞ்சியிருப்பது ஒரு பகுதிதான். அந்த ஒரு பகுதியே தூண்களின் பருமனாலும் வளைவுகளின் உயரத்தாலும் வந்தவரைச் சிறுத்துப் போகச் செய்துவிடுகிறது. அரசன் பெரியவன் என்பதைக் கட்டடமே உரத்த குரலில் சொல்லும் இடம் அது. அந்த நினைப்போடு பத்மநாபபுரத்துக்குப் போகிறவருக்கு முதலில் ஏமாற்றமே உண்டாகும். ஓடு வேய்ந்த பெரிய தறவாட்டு வீடு ஒன்று, பல தலைமுறைகளாக மகன்களும் பேரன்களும் தங்கள் தேவைக்கேற்ப ஒட்டுக் கட்டிக்கொண்டே போனதுபோல, முற்றம் முற்றமாக நீண்டு கிடக்கிறது. எங்கிருந்து பார்த்தாலும் முழு அரண்மனையும் ஒரே பார்வையில் அகப்படுவதில்லை. அண்ணாந்து பார்க்கவும் எதுவும் இல்லை. மாறாக, அடிக்கொரு தரம் குனிய வேண்டியிருக்கிறது.

இதை நான் நெற்றியால் அறிந்தேன். "நிலையப் பாத்து வா" என்று பெரியப்பா சொல்லி முடிப்பதற்குள், இரண்டாவது கட்டிலிருந்து மூன்றாவது கட்டுக்குப் போகும் வாசலின் மேல்நிலையில் நன்றாக இடித்துக்கொண்டேன். நான் ஒன்றும் அதிக உயரம் இல்லை. பெரியப்பா என் நெற்றியைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த நிலையைத்தான் பார்த்தார். பிறகு, வலிக்குப் பரிகாரம்போல, வாசல் ஏன் இவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று விளக்கினார். தாழ்ந்த வாசலில் வருகிறவன் வாளை ஓங்கிக்கொண்டு வர முடியாது என்று பொதுவாகச் சொல்லுவார்கள்; அது இருக்கட்டும். தச்சனுக்குத் தெரிந்த காரணம் வேறு. வைரம் பாய்ந்த கட்டையாகத் தேர்ந்து, வெள்ளையை, அதாவது வைரத்தைச் சுற்றியிருக்கும் மென்மையான வெளிமரத்தை, முழுக்க நீக்கிவிட்டுச் செய்கிற நிலைக்கு, உயரம் கூடக் கூடக் கனமும் கூடும். குடுமியில் சுழல்கிற கதவு உயரமாக இருந்தால் சில ஆண்டுகளில் தன் பாரத்தாலேயே சாய்ந்து தரையை உரசத் தொடங்கிவிடும். இவற்றுக்கு மேலாக, கூரையே தாழ்ந்துதான் இறங்குகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. சாரல் சுவரைத் தொடக்கூடாது என்றால் இறவாரம் தாழ வேண்டும். இறவாரம் தாழ்ந்தால் வாசலும் தாழும். "மழ சொன்ன உயரம் மக்கா இது" என்றார். ராஜா சொன்ன உயரம் என்றுதான் அதுவரை நான் எண்ணியிருந்தேன்.

அரண்மனையின் முன்வாசலைக் கடந்ததும் நிற்கிற பூமுகம் என்னும் முன்மண்டபத்தைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. முன்முகப்பில் முக்கோணமாக எழுந்து நிற்கும் செதுக்கு வேலையும், உள்ளே மரத்தாலான மச்சு முழுவதும் செதுக்கிய பூக்களும்தான் எல்லாருடைய படங்களிலும் வருகின்றன. தொண்ணூறு பூக்கள், ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை என்று வழிகாட்டிகள் சொல்லுவார்கள். நான் எண்ணத் தொடங்கி முப்பத்துச் சொச்சத்தில் கழுத்து வலித்து விட்டுவிட்டேன். எண்ணாமல் விட்டதில் வருத்தம் இல்லை, ஏனென்றால் அங்கே பார்க்க வேண்டியது கண்மட்டத்திலும் அதற்குக் கீழேயும் நிறைய இருக்கிறது. பளபளப்பாக இழைத்த கருங்கல் கட்டில் ஒன்று கிடக்கிறது. சீன வணிகர்கள் கொடுத்தது என்று சொல்லப்படும் நாற்காலி ஒன்று இருக்கிறது. ஓணத்தின்போது குடிபடைகள் மன்னருக்குக் காணிக்கையாகத் தந்த ஓணவில்லுகள் சுவரில் வரிசையாக மாட்டப்பட்டிருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது நடுவில் தொங்கும் குதிரை விளக்கு. குதிரையும் அதன்மேல் வீரனுமாக வார்த்த அந்த விளக்கை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அது அந்தப் பக்கமே நோக்கி அசையாமல் நின்றுவிடுகிறது. சாதாரணச் சங்கிலியில் தொங்கும் எதுவும் முறுக்கு அவிழ்ந்து பழைய நிலைக்கே திரும்பத்தானே செய்யும்? வார்த்த கன்னான் அந்தச் சங்கிலியின் கண்ணிகளிலேயே ஏதோ ஒரு சூட்சுமத்தைப் பொதிந்து வைத்திருக்கிறான். விளக்கைவிடச் சங்கிலியைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அரண்மனைக்குள் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது. வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இதைத் தொல்லையாக நினைக்கிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், இந்த ஒரு விதி இல்லையென்றால் அந்த வீட்டின் சிறந்த பகுதி நமக்குத் தெரியாமலே போய்விடும். நான் சொல்வது தரையை. கண்ணாடிபோல் மின்னும் கறுப்புத் தரை. சிரட்டையைச் சுட்ட கரி, சுண்ணாம்பு, வெல்லம், முட்டையின் வெள்ளைக்கரு, ஆற்று மணல் ஆகியவற்றைச் சேர்த்து அரைத்துப் பூசி இழைத்தது என்கிறார்கள். இதன் பக்குவம் முழுதாக எழுதி வைக்கப்படவில்லை, கைக்குக் கையாக வந்த தொழில். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப் பூச்சிலும் முட்டையும் சுண்ணாம்பும் சேர்ந்து இதே வேலையைத்தான் செய்கின்றன, அங்கே வெண்மையாக, இங்கே கறுப்பாக. வெளியே வெயில் கொளுத்தும்போது அந்தத் தரையில் கால் வைத்தால், கிணற்றடித் துவைகல்லில் விடிகாலையில் கால் வைத்ததுபோல் இருக்கிறது. பெரியப்பா ஓரமாகக் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையைத் தரையில் பதித்து, கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் நின்ற காவலர் ஏதும் சொல்லவில்லை. அப்படி உட்கார்கிறவர்கள் அவருக்குப் பழக்கமாக இருக்க வேண்டும்.

பூமுகத்துக்கு மேல்தளத்தில் இருக்கும் மந்திரசாலைக்குச் செங்குத்தான மரப்படிகளில் ஏற வேண்டும். முழங்கால் வலி என்பதால் பெரியப்பா பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார். அரசர் அமைச்சர்களோடு கூடி ஆலோசித்த அறை அது. ஒரு நாட்டின் தலைவிதியை முடிவு செய்த அறை என்று நினைத்துக்கொண்டு போகிறவருக்கு அதன் அளவு வியப்பாக இருக்கும். நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் கூட்ட அறை அதைவிடப் பெரிதாக இருக்கலாம். ஆனால், அந்த அறையில் வெளிச்சமும் காற்றும் நடந்துகொள்ளும் விதத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. மரச்சட்டங்களைச் சாய்வாக அடுக்கிய பலகணிகள் சுற்றிலும் இருக்கின்றன. அவற்றின் வழியே காற்று வருகிறது, வெயில் வருவதில்லை. அபிரகத் தகடு பதித்த சன்னல்களில் வெளிச்சம் நிறம் மாறி இறங்குகிறது. இறவாரம் தாழ்ந்திருப்பதால், நேராக வானத்திலிருந்து வரும் ஒளிக்கு உள்ளே வழியில்லை. முற்றத்து மண்ணில் பட்டு, கீழிருந்து மேலாக ஏறி, சட்டங்களின் இடுக்கில் நுழைந்து, கறுப்புத் தரையில் விழுந்து மின்னுகிறது. ஆட்களைப்போல வெளிச்சமும் அங்கே குனிந்துதான் உள்ளே வருகிறது. ஐந்து நிமிடம் அங்கே சும்மா உட்கார்ந்தால் குரல் தானாகத் தாழ்ந்துவிடுவதை யாரும் கவனிக்கலாம். எங்களுக்கு முன்னால் சத்தமாகப் பேசிக்கொண்டு ஏறிய குடும்பம்கூட அந்த அறைக்குள் வந்ததும் கிசுகிசுவென்றுதான் பேசியது.

அங்கிருந்து ஊட்டுப்புரை. நாள்தோறும் இரண்டாயிரம் பேருக்கு இலவசமாகச் சோறு போட்ட இடம் என்று சொல்லுகிறார்கள். இரண்டு தளங்களில் நீண்டு செல்லும் கூடம், ஒரு முனையில் நிற்கிறவருக்கு மறு முனையில் நிற்பவர் பொம்மைபோலத் தெரிகிறார். ஊறுகாய் வைத்த பெரிய பரணிகள் அங்கே இருக்கின்றன. மணிமாளிகையில் உள்ள கடிகாரம் முந்நூறு ஆண்டுப் பழைமை வாய்ந்தது என்பார்கள். கயிற்றில் தொங்கும் பாரக்கட்டைகள் இறங்க இறங்கச் சக்கரங்கள் சுழலும் வகை. படையில் சேர வரும் இளைஞன் நூறு முறை தலைக்குமேல் தூக்கிக் காட்ட வேண்டிய உருண்டைக் கல் ஒன்றையும் காட்டுவார்கள். தொண்ணூறு, இரண்டாயிரம், முந்நூறு, நூறு: நம் வழிகாட்டிகளுக்கு எண்கள்மேல் உள்ள காதலைக் குறை சொல்ல முடியாது, கேட்கிறவர்களும் எண்களைத்தானே ஊருக்குக் கொண்டுபோகிறோம்.

பெரியப்பாவை அங்கிருந்து நகர்த்த முடியாமல் போனது தாய்க்கொட்டாரத்தில்தான். அரண்மனைத் தொகுதியிலேயே மிகப் பழையது அது. நடுவில் திறந்த முற்றமும் அதைச் சுற்றி நான்கு பக்கமும் தாழ்வாரமுமாக அமைந்த நாலுகெட்டு. முற்றத்தின் நான்கு மூலைகளிலும் தூண்கள், மழைநீர் விழுந்து ஓடுவதற்கு வழி. நம் பக்கத்து வானம்பார்த்த முற்றம் வைத்த வீடுகளை அறிந்தவருக்கு இது பழகிய இடம்தான். அதை ஒட்டிய ஏகாந்த மண்டபத்தில் ஒரே பலாமரத்தில் கடைந்து செதுக்கிய தூண் ஒன்று நிற்கிறது. பலாக்கட்டை அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும், ஆண்டுகள் போகப் போகச் செம்பழுப்பாகிக் கறுத்துவிடும். இந்தத் தூண் கறுப்பைத் தொட்டு நிற்கிறது. பூவும் கொடியும் வளையமுமாக இறங்கும் அந்த வேலையில் உளி எங்கே நின்றது, எங்கே மீண்டும் தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றார் பெரியப்பா. அவர் அதைப் பாராட்டாகச் சொன்னாரா, பொறாமையாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

பிறகு அவர் எனக்குக் கூரையின் மூலையைக் காட்டினார். நேர்ப் பகுதியில் கழுக்கோல் என்று சொல்லும் கைமரங்கள் ஒன்றுக்கொன்று இணையாக இறங்குகின்றன, இது எளிது. மூலைக்கு வரும்போது அவை விசிறிபோல விரிகின்றன. அப்படி விரியும் கைமரங்களில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டுக்கு நீளம் ஒன்றாக இருக்காது, தலையை வெட்டுகிற சாய்வும் ஒன்றாக இருக்காது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. கூரைமேல் ஏறி வைத்துப் பார்த்து அறுப்பதென்றால் மரம் வீணாகும். எனவே எல்லாவற்றையும் தரையில் கோடு போட்டு, கணக்கிட்டு, அறுத்துத் துளை போட்டு, மேலே ஏற்றும்போது விரல் நுழையாமல் பொருந்த வேண்டும். "நான் மூணு வீட்டுக்கு இந்த மாதிரி மூலை வச்சேன். மூணுலயும் ஒரு கழுக்கோல் மாத்த வேண்டி வந்தது" என்று சொல்லிச் சிரித்தார். பூமுகத்துப் பூக்களைப் பார்க்க வந்த கூட்டத்தில் ஒருவர்கூட அந்த மூலையை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் காட்டியிராவிட்டால் நானும் பார்த்திருக்க மாட்டேன். அரண்மனையில் அண்ணாந்து பார்க்க ஒன்றும் இல்லை என்று மேலே எழுதியதை இந்த ஓர் இடத்துக்காக மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நான்கு தளங்களாக எழும் உப்பிரிகை மாளிகையை மார்த்தாண்ட வர்மா கட்டினார். அடியில் கருவூலம், அதற்கு மேல் அரசர் துயிலும் அறை, உச்சியில் பத்மநாப சுவாமிக்கென்று ஒதுக்கிய, சுவர் முழுவதும் ஓவியம் தீட்டிய பூசையறை. நாட்டைத் தெய்வத்துக்குக் கொடுத்துவிட்ட அரசர், வீட்டிலும் தமக்கு மேலே இருக்கும் தளத்தைத் தெய்வத்துக்கே விட்டுவிட்டார். துயிலறையில் கிடக்கும் கட்டில் பல வகை மூலிகை மரங்களை இணைத்துச் செய்தது என்று சொல்லுகிறார்கள். டச்சுக்காரர்களோடு சண்டையிட்டு அவர்களை வென்ற ஒருவர் உறங்கிய அறை, நடுத்தரக் குடும்பத்துப் படுக்கையறையைவிடப் பெரிதாகத் தோன்றவில்லை.

கட்டிலைப் பார்த்ததும் எனக்குக் கும்பகோணத்து நினைவு வந்தது. சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை இராமானுஜன் வளர்ந்த வீட்டை 2003இல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கிப் பாதுகாத்து வருகிறது. அப்போது குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். திண்ணை, முன்னறை, கூடம், அடுக்களை, கொல்லைக் கிணறு. அவ்வளவுதான். முன்னறையில் சன்னலை ஒட்டி ஒரு சிறிய கட்டில் போட்டு வைத்திருக்கிறார்கள். அதன் அருகில் நின்று தெருவைப் பார்த்தால் கோயிலுக்குப் போகிறவர்களின் தலைகள் தெரிகின்றன. கண்ணாடிப் பேழைகளில் வைத்த கடிதங்களையும் படங்களையும்விட அந்தச் சன்னலின் உயரம்தான் எனக்கு அவரைப் பற்றி அதிகம் சொன்னது. பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த சிறுவன் நிமிர்ந்தால் கண்ணில் என்ன பட்டிருக்கும் என்பதை எந்த வாழ்க்கை வரலாறும் எனக்குக் காட்டியதில்லை. வீடுகளைப் பார்க்கப் போவதற்கு நான் ரயில் ஏறுவது இதற்காகத்தான். வேலைப்பாட்டை ரசிக்கப் படங்கள் போதும். ஒருவர் எந்த உயரத்தில் குனிந்தார், எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தார், அடுக்களைக்கும் படுக்கைக்கும் எத்தனை அடி நடந்தார் என்பதெல்லாம் நேரில் போய் நடந்து பார்த்தால்தான் தெரியும்.

பத்மநாபபுரத்தில் நான் குனியாமல் போன ஒரே கட்டடம் இந்திரவிலாசம். அரசரைக் காண வந்த ஐரோப்பிய விருந்தினர்களுக்காகக் கட்டியது. கதவுகள் உயரம், மச்சு உயரம், சன்னல்கள் பெரியவை. உள்ளே நுழைந்ததும் "அப்பாடா" என்று நிமிர்ந்தேன், நெற்றி வீக்கத்தோடு. ஆனால் சற்று நேரத்தில் அந்த அறைகள் என்னவோ வெறிச்சோடிக் கிடப்பதுபோல் தோன்றியது. வெயிலும் அங்கே நேராகவே உள்ளே வந்து விழுந்தது. தங்களுக்குக் குனிகிற வாசலும், குனிந்து பழகாத விருந்தாளிக்கு நிமிர்ந்த வாசலும் கட்டிக்கொடுத்த அந்த உபசரிப்பில், பணிவு எவ்வளவு, அரசியல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

யானைமேல் வைக்கும் அம்பாரியின் வடிவில் தெருவைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் அம்பாரி முகப்பும், குளத்துக்கு இறங்கும் படிகளும், மார்த்தாண்ட வர்மாவின் வாழ்க்கைக் காட்சிகளைத் தீட்டிய பிற்கால ஓவியங்கள் மாட்டிய நீண்ட நடையும் விரைவாகவே கடந்து போயின. கடைசியில் வந்த நவராத்திரி மண்டபம் மட்டும் மீண்டும் நிறுத்தியது. மற்ற இடமெல்லாம் மரமாக இருக்க, இது மட்டும் கல். செதுக்கிய கருங்கல் தூண்கள், நடுவே நீர்போல மின்னும் தரை. ஆடலும் பாடலும் நடந்த இந்த மண்டபத்தை, அரசகுலப் பெண்கள் மரச்சட்டத் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறார்கள். அந்தத் திரையின் துளைகள் வழியாக நானும் பார்த்தேன். உள்ளே நடப்பது நமக்குத் தெரியும், நாம் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. மண்டபத்தின் ஒரு முனையில் சரஸ்வதி கோயில். அங்கே உள்ள விக்கிரகம் கம்பர் வழிபட்டது என்பது மரபாக வந்த நம்பிக்கை. இராம காதை பாடியவர் கும்பிட்ட கலைமகள், கொல்லத்துக்காரர்களும் கோட்டாற்றுக்காரர்களும் ஒரே நாட்டின் குடிகளாக இருந்த காலத்தில் இங்கே வந்து சேர்ந்தாள் என்று கொள்ளலாம்.

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்பு அந்தச் சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை ஆகியோர் இங்கிருந்து புறப்பட்டு ஊர்வலமாகத் திருவனந்தபுரம் செல்கிறார்கள். உப்பிரிகை மாளிகையில் வைத்து மன்னரின் உடைவாள் கைமாற்றப்படுகிறது. களியக்காவிளை எல்லையில் ஊர்வலத்தைக் கேரளத்தார் எதிர்கொண்டு அழைத்துச் செல்லுகிறார்கள். 1956 நவம்பர் 1ஆம் நாள் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. ஆனால் அரண்மனை மட்டும் கேரள அரசின் தொல்லியல் துறையிடமே இருந்துவிட்டது. எனவே கோட்டைத் தெருவில் தமிழ்நாட்டில் நடந்து, படி தாண்டியதும் கேரள அரசின் ஊழியரிடம் சீட்டு வாங்குகிறோம். தமிழ்நாட்டில் இருக்கும் அரண்மனை கேரளத்திடம் இருப்பது சரியா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிற கேள்வியைப் பெரியப்பாவிடம் நானும் கேட்டேன். "வீடு நல்லா இருக்குல்லா?" என்று மட்டும் திருப்பிக் கேட்டார். 2014 முதல் இது யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இருக்கிறது.

போக நினைக்கிறவர்களுக்கு: திங்கட்கிழமையைத் தவிர்க்கவும் (என் அனுபவம் போதும்). காலையில் திறந்ததும் போய்விடுவது நல்லது, ஏனென்றால் முற்றங்களின் கல்பாவிய பகுதிகளை வெறுங்காலோடு கடக்க வேண்டியிருக்கிறது. பதினொரு மணிக்கு மேல் அவை அடுப்புக்கல்போலச் சுடும். படிகள் செங்குத்தானவை, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்தோடு நின்றாலும் பெரிய இழப்பில்லை, தாய்க்கொட்டாரமும் ஊட்டுப்புரையும் கீழேயே இருக்கின்றன. போகும் வழி ஒரு வரிசையாக அமைந்திருப்பதால் பின்னால் வருகிற கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டே போகும். ஏதாவது ஒரு தாழ்வாரத்தில் ஓரமாக ஒதுங்கி, இரண்டு கூட்டத்தைக் கடந்து போக விட்டால், இரண்டுக்கும் நடுவில் சில நிமிடங்கள் அந்த வீடு நமக்கே கிடைக்கும்.

வெளியே வந்து, பழரசம் குடித்து, நாகர்கோவிலுக்குத் திரும்பும் வழியில் புலியூர்க்குறிச்சியில் இறங்கினோம். அங்கே உதயகிரிக் கோட்டை. 1741இல் குளச்சல் கடற்கரையில் டச்சுக்காரர்களின் படை மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது. சிறைப்பட்டவர்களில் ஒருவரான டி லனாய், பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்துத் தளபதியாகவும் ஆனார். இந்தக் கோட்டையைச் சீரமைத்ததும் அவர்தான். 1777இல் இறந்த அவருடைய கல்லறை, கூரை இல்லாத ஒரு சிறு தேவாலயத்துக்குள், கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. மரங்களுக்கு நடுவே நடந்து போய்ப் பார்த்தோம். வேறு யாரும் இல்லை. வாசல் உயரமாகத்தான் இருந்தது, ஆனாலும் பழக்கத்தில் இருவரும் குனிந்தே நுழைந்தோம்.

கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறார்கள். லத்தீன் எழுத்துகள் நிமிர்ந்து நின்றாலே தெரிந்தன, பொருள்தான் தெரியவில்லை. திருவிதாங்கூர் மன்னருக்கு முப்பத்தேழு ஆண்டுகள் உண்மையோடு உழைத்தவர் என்று அதில் எழுதியிருப்பதை முன்பே படித்திருந்தேன். தமிழ் வரிகள் மழையில் தேய்ந்து, புள்ளி இல்லாத பழைய எழுத்தாக இருந்தன. பெரியப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, விரலை எழுத்தின் பள்ளத்தில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டத் தொடங்கினார்.